இரண்டாயிரம் ரூபாய் எந்தக் கணக்கிற்குச் செல்கிறது?

ஆண்டில் மூன்று முறை, பி.எம். கிசான் தவணை விடுவிக்கப்பட்டதாகச் செய்தி வெளிவந்த மறுநாள், சிற்றூர்ப்புறக் கிளைகளில் பணியாற்றும் எங்களிடம் இரு வகையினர் வருகின்றனர். முதல் வகையினர் வந்த பணத்தை எடுத்துச் செல்ல வருபவர்கள். அடுத்த வகையினர் பாஸ்புக்கை நீட்டி, ‘பக்கத்து வயல்காரருக்கு ஏறிவிட்டது, எனக்கு மட்டும் ஏன் ஏறவில்லை?’ என்று கேட்க வருபவர்கள். பாஸ்புக்கை அச்சிட்டுப் பார்த்தால் வரவு இல்லை என்பது மட்டும் தெரியும். பணம் புறப்பட்டதா, புறப்பட்டிருந்தால் எங்கே நின்றது, அல்லது வேறு எங்கேனும் சேர்ந்துவிட்டதா என்பதைப் பாஸ்புக் சொல்லாது. இக்கேள்விகளுக்கு விடை காணும் வழியை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்னும் இத்திட்டம் 2019 பிப்ரவரி 1 அன்று இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அம்மாதம் 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் தொடங்கிவைக்கப்பட்டது. 2018 டிசம்பர் 1 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது. தொடக்கத்தில் 2 ஹெக்டேர் வரை நிலம் உடைய சிறு, குறு விவசாயக் குடும்பங்களுக்கு மட்டும் இருந்த உதவி, 2019 ஜூன் 1 முதல் நிலத்தின் பரப்பு எவ்வளவாயினும் நிலம் உடைய விவசாயக் குடும்பங்கள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்டிற்கு 6,000 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒன்று, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒன்று, டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்று என மூன்று தவணைகள். முழுச் செலவும் மத்திய அரசினுடையது. 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் விடுவிக்கப்பட்டது 21ஆம் தவணை.

இத்திட்டத்திற்கு முன்னதாகவே, 2018 மே மாதம், தெலங்கானா அரசு ‘ரைத்து பந்து’ என்ற பெயரில் பருவத்திற்கு ஏக்கர் ஒன்றுக்கு 4,000 ரூபாய் வழங்கத் தொடங்கியிருந்தது. அதில் நிலம் கூடக் கூடத் தொகையும் கூடும். பி.எம். கிசானில் அரை ஏக்கர் உடையவருக்கும் இருபது ஏக்கர் உடையவருக்கும் ஒரே தொகை. இதைக் குறை கூறுவோர் உண்டு. எங்கள் கருத்து வேறு. அரை ஏக்கர் உடையவருக்கு நடவு நேரத்தில் கிடைக்கும் 2,000 ரூபாய், உழவு வண்டி வாடகைக்கோ விதைக்கோ அன்றே செலவாகும் பணம். ஆகவேதான் அது ஒரு மாதம் தாமதமானாலும் அவர் வங்கிக்கும் கிராம நிர்வாக அலுவலகத்திற்கும் இ-சேவை மையத்திற்குமாக நடக்க நேர்கிறது. அந்த அலைச்சலில் இழக்கும் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், வர வேண்டிய தொகையில் கணிசமான பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

பணம் வரும் வழி

தவணைத் தொகை தில்லியிலிருந்து நேராக விவசாயியின் கணக்கிற்கு வந்துவிடுவதாகவே பலரும் எண்ணுகின்றனர். இடையில் நான்கு கைகள் உள்ளன. பயனாளி யார், அவர் பெயரில் நிலம் உள்ளதா என்பதைச் சரிபார்ப்பது மாநில அரசு. மாநில அதிகாரி பட்டியலில் மின்னணுக் கையொப்பம் இட்டு, பணம் அனுப்புமாறு கோரிக்கை அனுப்புவார். இணையத்தளத்தில் உங்கள் நிலையைப் பார்க்கும்போது ‘ஆர்.எஃப்.டி. கையொப்பமிடப்பட்டது’ என்று வருவது இதனைத்தான் குறிக்கிறது. அடுத்து, பொது நிதி மேலாண்மை அமைப்பு அந்தப் பட்டியலைச் சோதித்தபின் பணம் செலுத்தும் ஆணை பிறக்கும், ‘எஃப்.டி.ஓ. உருவாக்கப்பட்டது’ என்பது இந்தக் கட்டம். மூன்றாவதாக, இந்தியத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், அதாவது என்.பி.சி.ஐ., ஒவ்வோர் ஆதார் எண்ணுக்கும் உரிய வங்கி எது என்று பார்த்து அந்த வங்கிக்குத் தொகையை அனுப்புகிறது. கடைசியாக அந்த வங்கி, தன்னிடம் அந்த ஆதார் எண்ணுடன் இணைக்கப்பட்டுள்ள கணக்கில் வரவு வைக்கிறது.

இந்த மூன்றாம் கட்டத்தில்தான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து இப்போது பணம் அனுப்பப்படுவதில்லை. ஆதார் எண்ணே முகவரி. என்.பி.சி.ஐ. ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. வங்கி வழக்கில் அதனை ‘மேப்பர்’ என்போம். அதில் ஓர் ஆதார் எண்ணுக்கு நேரே ஒரே ஒரு வங்கியின் பெயர் இருக்கும். கணக்கு எண் அங்கே கிடையாது. உங்களுக்கு நான்கு வங்கிகளில் கணக்கு இருந்து, நான்கிலும் ஆதார் நகல் கொடுத்திருந்தாலும், அப்பதிவேட்டில் கடைசியாக எந்த வங்கி உங்கள் ஒப்புதலுடன் பதிவு செய்யப்பட்டதோ அந்த வங்கிக்கே அரசின் உதவித்தொகைகள் செல்லும்.

‘என் கணக்கில் ஆதார் இணைத்தாயிற்று’ என்று வாடிக்கையாளர்கள் கூறும்போது அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆனால் இணைப்பு என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. கணக்குத் தொடங்குவதற்கு அடையாளச் சான்றாக ஆதாரைக் கொடுப்பது ஒன்று. அரசு உதவித்தொகைகளை இந்தக் கணக்கிலேயே பெற விரும்புகிறேன் என்று தனியே ஒப்புதல் கொடுத்து, மேப்பரில் பதிய வைப்பது மற்றொன்று. முன்னதைச் செய்தவர் பின்னதையும் செய்துவிட்டதாகக் கருதிக்கொள்வது மிக இயல்பு. ஆயினும் முன்னதால் மட்டும் ஒரு ரூபாய் உதவித்தொகையும் வந்து சேராது.

நாங்கள் அடிக்கடி காணும் நிகழ்ச்சி இதுதான். ஒருவருக்கு எங்கள் கிளையில் பதினைந்து ஆண்டுகளாகச் சேமிப்புக் கணக்கு. பி.எம். கிசான் விண்ணப்பத்திலும் அந்தக் கணக்கு எண்ணையே கொடுத்திருக்கிறார். சில தவணைகள் ஒழுங்காக வந்தன. பிறகு ஊருக்கு வந்த வேறொரு வங்கியின் முகவரிடம், விரல் ரேகை வைத்தால் ஐந்தே நிமிடத்தில் கணக்கு என்று கேட்டு ஒரு கணக்குத் தொடங்குகிறார். அல்லது கைபேசிக் கடையில் ஒரு பணப்பட்டுவாடா வங்கிக் கணக்குத் திறக்கப்படுகிறது. படிவத்தில், அல்லது திரையில், உதவித்தொகைகளை இக்கணக்கிற்கு மாற்றச் சம்மதம் என்ற கட்டத்தில் ஒரு குறி இடப்படுகிறது. அன்று முதல் மேப்பரில் வங்கி மாறிவிடுகிறது. அடுத்த தவணை புதிய கணக்கிற்குச் செல்கிறது. அதற்குப் பாஸ்புக் இல்லை. பதிவான கைபேசி எண் மகனுடையது. மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். விவசாயி எங்கள் முகப்பில் நின்று அரசு தன்னைக் கைவிட்டதாக வருந்துகிறார். பணமோ அவர் பெயரிலேயே, அவர் கையெட்டும் தொலைவில், இரண்டு தவணைகளாகக் கிடக்கிறது.

இது பி.எம். கிசானுக்கு மட்டும் நேர்வதன்று. 2017இல் கைபேசி இணைப்புச் சரிபார்ப்பின்போது வாடிக்கையாளர் அறியாமலேயே பணப்பட்டுவாடா வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அவற்றுக்குத் திசைமாறிய செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அதன்பின், ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்கு மாற்றுவதற்கு வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டது. விதி இறுகியிருந்தாலும் படிக்காமல் இடும் கையொப்பத்தை எந்த விதியாலும் தடுக்க இயலாது.

அப்படியானால் கணக்கு எண்ணையே முகவரியாக வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முதல் தவணைகள் அவ்வாறே அனுப்பப்பட்டன. ஓர் இலக்கம் தவறாகத் தட்டச்சானால் பணம் திரும்பும். அதைவிடக் கேடாக, வேறொருவர் கணக்கில் சேரும். வங்கிகள் இணையும்போது இடர் இன்னும் மிகுதி. 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைக்கப்பட்டபின் கிளைகளின் ஐ.எஃப்.எஸ். குறியீடுகள் மாறின. கணக்கு எண்ணை நம்பிய பரிமாற்றங்களுக்கு இத்தகைய மாற்றங்கள் தலைவலி. ஆதாரை நம்பியவற்றுக்கு அவ்வளவாக இல்லை. எனவே இந்த முறை விவசாயிக்குத் தீங்கானது என்று நாங்கள் கருதவில்லை. தன் முகவரி எங்கே பதிவாகியுள்ளது என்பதை அவரிடம் எவரும் சொல்லாததே குறை.

முகவரியைக் கண்டறிவது

ஆதார் ஆணையத்தின் ‘மை ஆதார்’ இணையத்தளத்தில், ஆதாருடன் பதிவான கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்தால், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதி உண்டு. மேப்பரில் உள்ள வங்கியின் பெயர், இணைப்பு நடப்பில் உள்ளதா, கடைசியாக எந்த நாளில் மாற்றப்பட்டது ஆகியவை அதில் தெரியும். கைபேசி வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். எந்தக் கிளைக்கு வந்தாலும் நாங்களும் உதவுவோம். இந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட பின்னரே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். தெரியாமலேயே மீண்டும் மீண்டும் விண்ணப்பிப்பது வீண்.

அங்கே வேறொரு வங்கியின் பெயர் இருந்து, முந்தைய தவணைகள் அங்கே சேர்ந்திருந்தால், அவற்றை எடுப்பதற்கு அந்த வங்கியின் கிளையைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. எந்த வங்கி மித்ராவிடமும் உள்ள விரல் ரேகைக் கருவியில் அந்த வங்கியின் பெயரைச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் செய்தால் இருப்பும் தெரியும், பணமும் எடுக்கலாம். கருவியில் வங்கியின் பெயரைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘பணம் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் கண்டிருக்கிறோம். விரலை வைத்தபின் ‘பதிவாகவில்லை, இன்னொரு முறை வையுங்கள்’ என்று கூறப்பட்டால், முதல் முயற்சி தோல்வியடைந்ததற்கான அச்சுச் சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகே மறுபடி வைக்க வேண்டும்.

இனிவரும் தவணைகள் பழைய கணக்கிற்கே வர வேண்டும் என்றால், அக்கணக்குள்ள கிளையில் ஆதார் இணைப்பு ஒப்புதல் படிவத்தைத் தர வேண்டும். அதில் தற்போது மேப்பரில் உள்ள வங்கியின் பெயரைக் குறிப்பிட்டு, அங்கிருந்து மாற்றுவதற்குச் சம்மதம் தெரிவிக்கும் பகுதி உண்டு. அதை வெறுமையாக விட்டுவிட்டால் மாற்றம் நிகழாது. கணவன், மனைவி இருவரும் ஒரே கூட்டுக் கணக்கை வைத்திருந்தால், உதவித்தொகைக்கெனத் தனிப்பெயரில் ஒரு கணக்கு இருப்பது பிற்காலத்தில் பல சிக்கல்களைத் தவிர்க்கும் என்பது எங்கள் ஆலோசனை.

மேப்பர் சரியாக இருந்தும் பணம் சேராமல் போகும் நேர்வுகள் சில உண்டு. அவை வங்கியின் பக்கத்தவை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் தாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு, செயல்படாக் கணக்கு என வகைப்படுத்தப்படும். ஆனால் அரசு உதவித்தொகை பெறுவதற்கெனத் தொடங்கப்பட்ட இருப்பில்லாக் கணக்குகளை அவ்வாறு முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. அது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பிக்காத கணக்குகளும் தடைபடலாம். புதுப்பிக்கும் கால இடைவெளி, குறைந்த இடர் வகையினருக்கு 10 ஆண்டுகள், நடுத்தர வகையினருக்கு 8, உயர் வகையினருக்கு 2. பெரும்பாலான விவசாயிகள் முதல் வகையில் அடங்குவர். 2014இல் ஜன் தன் கணக்குத் தொடங்கியவர்களுக்குப் பத்தாண்டுகள் கடந்துவிட்டன என்பதை நினைவூட்டுகிறோம்.

திரும்பிச் சென்ற தவணை அழிந்துபோவதில்லை. திட்டத்தின் வழிகாட்டு நெறிகளின்படி, தகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, தடை நீங்கியவுடன் நிலுவைத் தவணைகளும் வழங்கப்பட வேண்டும். பெயர் எந்தக் காலத் தவணையில் முதன்முதலாகப் பதிவேற்றப்பட்டதோ அதிலிருந்தே உரிமை கணக்கிடப்படும். அதற்கு முந்திய தவணைகளைக் கோர முடியாது.

நிலமும் பெயரும்

மேப்பரும் சரி, கணக்கும் சரி, ஆயினும் பணம் புறப்படவே இல்லை என்றால் காரணம் முதல் கட்டத்தில் இருக்கிறது. நிலப் பதிவு இணைக்கப்படாமை, மின்னணு வாடிக்கையாளர் சரிபார்ப்பு முடியாமை, தகுதி குறித்த ஐயம் என்பன அவை. இவற்றுள் எதையும் வங்கியால் சரிசெய்ய இயலாது. மின்னணுச் சரிபார்ப்பு எளிது. இணையத்தளத்தில் கடவுச்சொல் வழியாகவோ, பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை வழியாகவோ, 2023 முதல் கைபேசிச் செயலியில் முகத்தைக் காட்டியோ முடிக்கலாம். விரல் ரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு மூன்றாவது வழி பெரிய வரம். மண்வெட்டி பிடித்த கைகளில் ரேகை நிற்பதில்லை.

நிலம் தொடர்பானதே கடினமானது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்கே உரிமை. அதன்பின் நிலம் வாங்கியவர் இத்திட்டத்தில் சேர முடியாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு மாறியது ஒன்றே விதிவிலக்கு. எனவே தந்தை இறந்தபின் அவருடைய கணக்கில் தவணை தொடர்ந்து வருவதை அப்படியே விட்டுவைப்பது சரியன்று. அது பின்னர் திரும்பப் பெறப்படும். இறப்பைத் தெரிவித்து, பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றி, வாரிசு தம் பெயரில் புதிதாக விண்ணப்பிப்பதே வழி. தாத்தா பெயரில் உள்ள கூட்டுப் பட்டாவில் மூன்று தலைமுறையாக உட்பிரிவு செய்யாமல் பயிரிட்டு வருபவர்களுக்கு இந்த இடத்தில்தான் வண்டி சேற்றில் சிக்குகிறது. இதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தைத் தவிர வேறு வாசல் இல்லை.

குடும்பம் என்பது கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள். ஒரு குடும்பத்திற்கு ஓர் உதவிதான்; இருவர் பெயரிலும் தனித்தனி நிலம் இருந்தாலும் ஒருவருக்கே உரிமை. 2025இல் மத்திய வேளாண் அமைச்சகம், ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர் பெறுவதாகவும், 2019 பிப்ரவரிக்குப் பின் நிலம் பெற்றதாகவும் ஐயம் எழுந்த பயனாளிகளின் தவணையை நேரடி ஆய்வு முடியும்வரை நிறுத்திவைத்தது. முன்பு வந்து இப்போது நின்றுவிட்ட நேர்வுகளில் இதனையும் கருத்தில் கொள்ள வேண்டும். முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவர், பணியில் உள்ள அல்லது ஓய்வு பெற்ற அரசு ஊழியர், பதிவு பெற்றுத் தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், பட்டயக் கணக்காளர் போன்றோர் தகுதியற்றவர்கள். அரசு ஊழியர்களிலும் ஓய்வூதியர்களிலும் நான்காம் பிரிவினருக்கு மட்டும் விலக்கு உண்டு. வரி செலுத்தியவர் என்பதே விதியின் சொல் என்பதையும் கவனிக்க வேண்டும். கடன் வாங்குவதற்காக, செலுத்த வேண்டிய வரி ஏதுமில்லாத கணக்கைத் தாக்கல் செய்வது வேறு.

குத்தகைக்கும் வாரத்திற்கும் பயிரிடுபவர்கள் எங்களிடம் வந்து கேட்கும்போது நாங்கள் சொல்லக்கூடிய விடை கசப்பானது. இத்திட்டம் நிலத்தின் உரிமையைப் பார்க்கிறது; உழவைப் பார்க்கவில்லை. வெளியூரில் வசிக்கும் உரிமையாளருக்குத் தவணை சேரும், வெயிலில் நிற்பவருக்குச் சேராது. ஒடிசாவின் ‘காலியா’ திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் கணக்கில் எடுத்தது. ஆந்திரப் பிரதேசம் 2019இல் குத்தகையாளருக்கென ஒரு சட்டமே இயற்றி, பயிரிடுவோர் உரிமை அட்டை வழங்கியது. குத்தகையாளரை அடையாளம் காண்பது இயலாத செயல் அன்று என்பதற்கு இவை சான்று. எளிதான செயலும் அன்று. எழுத்தில் ஒப்பந்தம் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் உரிமையாளர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

மறுபுறம், வாயில் அகலத் திறந்திருந்தால் என்ன நேரும் என்பதையும் தமிழ்நாடு 2020இல் கண்டது. அலுவலர்களின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டு, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்றோர் பலர் சேர்க்கப்பட்டனர். குற்றப்பிரிவு விசாரணையும் பணமீட்பும் நடந்தன. இன்றைய சரிபார்ப்புகளின் கடுமைக்கு இத்தகைய நிகழ்ச்சிகளும் ஒரு காரணம். தம் பெயரைச் சேர்த்துத் தருவதாகக் கூறியவரிடம் ஆதாரையும் பாஸ்புக் நகலையும் கொடுத்த எளிய மக்களிடமிருந்தே அந்தப் பணம் திரும்பப் பெறப்பட்டது என்பதை மறக்கலாகாது. இன்று அதே ஆசை வாட்ஸ்அப்பில் ‘பி.எம். கிசான்’ என்ற பெயருடைய ஏ.பி.கே. கோப்பாக வருகிறது. அதைத் தொட்டு நிறுவினால் கைபேசியே பிறர் வசமாகிவிடும். உண்மையான உதவி எண் 155261.

6,000 ரூபாயும் 9,000 ரூபாயும்

மானியம் என்றால் கணக்கில் வரவாகும் தொகை என்றே நாம் எண்ணப் பழகிவிட்டோம். வரவாகாமல் வரும் மானியங்கள் இதனினும் பெரியவை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது உற்பத்திச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்பதால்தான். கடையில் விரல் ரேகை வைத்து வாங்கியபின், அந்த மானியம் உர நிறுவனத்திற்குச் செலுத்தப்படுகிறது. இதில் விவசாயி செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் பயிர்க்கடன் வட்டி மானியத்தில் அவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைத் தவறவிடுபவர்கள் மிகப் பலர்.

உழவர் கடன் அட்டை வழியாக 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. இந்த வீதத்தில் கொடுப்பதற்காக வங்கிக்கு மத்திய அரசு ஒன்றரை விழுக்காடு மானியம் வழங்குகிறது. கெடு நாளுக்குள் திருப்பிச் செலுத்துபவருக்கு மேலும் 3 விழுக்காடு ஊக்கச் சலுகை. ஆக அவருக்கு விழும் வட்டி 4 விழுக்காடு மட்டுமே. 3 லட்சம் ரூபாயை ஓராண்டு வைத்திருப்பவர் 21,000 ரூபாய்க்குப் பதில் 12,000 ரூபாய் செலுத்தினால் போதும். மிச்சம் 9,000 ரூபாய். ஆண்டு முழுவதும் மூன்று தவணைகளுக்காகக் காத்திருந்து பெறும் தொகையைவிட இது 3,000 ரூபாய் கூடுதல். கடன் 2 லட்சமாக இருந்தாலும் இரண்டும் சரிக்குச் சரி.

இந்தச் சலுகை ஒரே நாளில் கைநழுவிப் போகும். கெடு கடந்து ஒரு நாள் தாமதமானாலும் 3 விழுக்காடு முழுவதும் போய்விடும். அதற்கு அப்பாலுள்ள நாள்களுக்கு வங்கியின் வழக்கமான கூடுதல் வட்டியும் சேரும். 2,000 ரூபாய் வரவில்லை என்று மூன்று முறை கிளைக்கு வந்தவர், கெடு நாள் எது என்று ஒரு முறையும் கேட்டதில்லை என்பதை நாங்கள் வியப்போடு காண்கிறோம். பயிரின் அறுவடையை ஒட்டி வங்கி நிர்ணயிப்பது அந்த நாள். ஊக்கச் சலுகை எந்நிலையிலும் பணம் வழங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்கு மேல் செல்லாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்குத் தமிழ்நாடு அரசு வட்டியே இல்லாமல் செய்துள்ளது. அங்கும் கெடு தவறினால் வட்டி உண்டு.

கெடு நெருங்கியவுடன் வெளியாரிடம் நாள் வட்டிக்கு வாங்கிக் கடனை அடைத்து, மறுநாளே புதுப்பித்து எடுத்து, வெளியாருக்குத் திருப்பும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. சலுகையில் ஒரு பங்கு கடன் கொடுப்பவர் கைக்குப் போகிறது. இதைவிட நல்ல வழி ஒன்று உழவர் கடன் அட்டையின் அமைப்பிலேயே உள்ளது. அது ஒரு முறை வாங்கி ஒரு முறை அடைக்கும் கடன் அன்று. போடப் போடக் குறைந்து, தேவைப்படும்போது வரம்புக்குள் மீண்டும் எடுக்கக்கூடிய கணக்கு. நெல் விற்ற பணமோ, பால் பணமோ, கரும்பாலைத் தொகையோ வந்த அன்றே அதில் செலுத்தினால் அந்த நாளிலிருந்தே வட்டி குறையும். கெடு நாளில் திரட்ட வேண்டிய தொகையும் சிறிதாகும். சேமிப்புக் கணக்கில் மூன்று மாதம் கிடக்கும் பணத்திற்குக் கிடைக்கும் வட்டி, கடனுக்குச் செலுத்தும் வட்டியைவிடக் குறைவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பி.எம். கிசான் பயனாளிகள் அனைவருக்கும் உழவர் கடன் அட்டை வழங்கும் இயக்கம் 2020 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு பக்க விண்ணப்பமே போதும். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கப்படுவதில்லை. ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள் அடுத்த முறை கிளைக்கு வரும்போது இரண்டு நாள்களை எழுதித் தருமாறு கேட்கலாம்: கடன் வழங்கப்பட்ட நாள், ஊக்கச் சலுகைக்கான கடைசி நாள். அவற்றைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாங்களே எழுதி, கையொப்பமிட்டுத் தருவோம். கைபேசி எண் மாறியிருந்தால் அதையும் அன்றே பதிந்துகொள்ளலாம். கெடு நாளுக்கு முன் அனுப்பப்படும் குறுஞ்செய்தி பழைய எண்ணுக்கே சென்றுகொண்டிருக்கக்கூடும்.